ஒழுகும் ஓலைக்கூரையும் ஒழியாத தப்பெண்ணங்களும்

யாழ்ப்பாணத் தீவகத்தின் காரைநகரில் முழுக்க ஓலையால் வேய்ந்த பழைய வீடுகள் இன்று மிகச் சில. ஆனாலும் ஓலைக்கூரை நம்மை விட்டுப் போய்விடவில்லை. பெரிய வீட்டை ஓட்டுக்கு மாற்றிய தலைமுறை குசினியையும் மால் கொட்டிலையும், கூரை வேய்ந்த வாசற்படலையான சங்கடப்படலையையும் பனையோலையிலேயே விட்டுவைத்தது. வேலணை, புங்குடுதீவு, நெடுந்தீவு என்று தீவகத்தின் பல இடங்களிலும் மண்சுவரும் சுண்ணாம்புச் சாந்தும் பனங்கைமரமுமாக நிற்கும் பழைய மனைகள் இன்னும் உண்டு. ஐப்பசி மழை பிடித்ததும் இவற்றில் சில ஒழுகத் தொடங்கும். ஒழுகிய அன்றே அயலிலிருந்தும் வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புகளிலிருந்தும் ஆலோசனைகள் குவியும். அவற்றுள் பெரும்பாலானவை யாரோ சொன்னதைக் கேட்டு வேறு யாரோ சொன்னவை. கேள்விச் செவியன் ஊரைக் கெடுத்தான் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது கூரை விடயத்துக்கும் பொருந்தும்.

2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த மழையையும், 2020 டிசம்பரில் புரெவி கொண்டுவந்த மழையையும் யாழ்ப்பாணத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றில் இடிந்த வீடுகளைப் பற்றி நிறையப் பேசினோம். மழை ஓய்ந்த பின் நாமே அவசரத்தில் செய்த வேலைகளால் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் மெல்ல விழுந்த வீடுகளைப் பற்றி எவரும் பேசவில்லை. ஒழுக்கினால் அழிந்ததாகச் சொல்லப்படும் பழைய வீடுகளில் பல, ஒழுக்கை நிறுத்த நாம் கையாண்ட பிழையான வழிகளாலேயே அழிந்தன என்பது என் துணிபு. அந்த வழிகளுக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கைகளை எடுத்து ஆராய்வது அவசியமாகிறது.

"ஓலையென்றால் ஒழுகத்தான் செய்யும்."

ஏனைய பிழைகளெல்லாம் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன. ஓலைக்கூரை நீரைத் தடுத்து நிறுத்துவதில்லை. நீரைச் சரிவில் இறக்கி வெளியே விட்டுவிடுகிறது. மேல்வரிசை ஓலையில் விழுந்த துளி அதன் நுனிக்கு வழிந்து, கீழ்வரிசை ஓலையின் முதுகில் சொட்டி, அங்கிருந்து அடுத்ததற்கு இறங்கி, கடைசியில் கூரையின் கீழ்விளிம்பான இறப்பில் வந்து விழுகிறது. முறையாக வேய்ந்த கூரையில் மேற்பகுதி மட்டுமே நனையும். உள்ளேயிருந்து பார்த்தால் அடியோலை காய்ந்திருக்கும். இதற்குத் தேவையானவை மூன்று: போதிய சரிவு, போதிய தடிப்பு, நீர் புகாத முகடு. யப்பானில் ஷிரகாவாகோ என்னும் மலைக்கிராமத்தின் புல்வேய்ந்த வீடுகள் அறுபது பாகை அளவுக்குச் செங்குத்தான கூரைகளோடு ஆளுயரப் பனியையும் மழையையும் தாங்கி நிற்கின்றன. 1995இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இங்கிலாந்தில் நாணற்கூரைகள் நாற்பத்தைந்து பாகைக்குக் குறையாத சரிவில் பல பத்தாண்டுகள் நிற்கின்றன. ஓலையும் புல்லும் நாணலும் இயல்பிலேயே ஒழுகுபவை என்றால் இவை ஒன்றும் நின்றிருக்க முடியாது.

அப்படியானால் நம் கூரை ஏன் ஒழுகுகிறது? பெரும்பாலும் முகட்டில்தான் பிழை. இரு பக்கச் சரிவும் சந்திக்கும் முகட்டோலை வெயிலையும் காற்றையும் நேராக வாங்குவதால் மற்ற ஓலைக்கு முன்னரே உக்கிவிடுகிறது. அடுத்து, வளை ஒன்றைக் கறையான் அரித்துவிட்டால் அந்த இடத்தில் கூரை குழிந்து சரிவு குறையும். சரிவு குறைந்த இடத்தில் நீர் தங்கும். தங்கிய நீர் உள்ளே இறங்கும். அங்கே ஓலையை மாற்றி மாற்றிப் போட்டாலும் ஒழுக்கு நிற்காது, ஏனென்றால் குற்றம் மரத்தில் இருக்கிறது. நாற்சார் வீடுகளில் இரண்டு கூரைகள் மூலையில் கூடும் பள்ளம் மூன்றாவது இடம். இரு கூரை நீரும் அங்கேதான் வந்து சேர்கிறது. அந்தப் பள்ளத்தில் சருகும் வேப்பங்காயும் அடைத்துக்கொண்டால் நல்ல கூரையும் ஒழுகும்.

இன்னொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். சொட்டு விழும் இடம் வேறு, நீர் புகும் இடம் வேறு. புகுந்த நீர் வரிச்சிலும் கைமரத்திலும் ஓடி, ஒரு முடிச்சிலோ கட்டிலோ தடைப்பட்டு அங்கே சொட்டும். ஆகவே வாளி வைத்த இடத்துக்கு நேர் மேலே ஓலை மாற்றுவது வீண் வேலை. மழை பெய்யும்போதே உள்ளே விளக்கைப் பிடித்து, மரத்தில் ஈரத்தடம் எங்கிருந்து இறங்குகிறது என்று மேல்நோக்கிப் பார்த்துச் சென்று, அந்த இடத்தைச் சுண்ணாம்பால் அடையாளமிட்டு வைக்க வேண்டும். மழை விட்ட பிறகு அந்த அடையாளத்தைத் தவிர வேறு சாட்சி கிடைக்காது.

இந்த நம்பிக்கை ஏன் சாகவில்லை? ஓட்டுவீடு ஒழுகினால் ஓடு விலகிவிட்டது, இரண்டு ஓட்டை மாற்றுவோம் என்கிறோம். ஓலைவீடு ஒழுகினால் ஓலையையே பழிக்கிறோம். ஓலை வறுமையின் அடையாளம் என்ற எண்ணம் நம் மனத்தில் நெடுங்காலமாக ஊறியிருக்கிறது. அந்த எண்ணமே கண்ணை மறைக்கிறது. விளைவாக, அரைநாள் வேலையில் முகடு கட்டிச் சரிசெய்யக்கூடிய ஒழுக்குக்காக ஒரு முழுக் கூரையையே பிரித்து எறிகிறோம்.

"ஒழுகுகிற இடத்தில் ஏறி இரண்டு ஓலை செருகினால் போதும்."

மழைக்குள் ஈரக்கூரையில் ஏறுவதை வீரமாகப் பேசுவதை நாம் நிறுத்த வேண்டும். நனைந்த பனையோலை வழுக்கும். அடியில் இருக்கும் வரிச்சு உக்கியிருந்தால் மேலிருந்து தெரியாது. சங்கடப்படலைக்கும் குசினிக்கும் அருகால் மின்கம்பி போகும் வளவுகள் ஏராளம். ஆள் விழாவிட்டாலும், அவர் மிதித்த ஒவ்வோரிடத்திலும் ஓலை முறிந்து அடுத்த மழைக்குப் புதிய வழி திறக்கிறது. ஏறியே ஆகவேண்டும் என்றால் மழை விட்டு ஓலை உலர்ந்த பின், கூரைமேல் ஏணியைக் கிடத்தி முகட்டில் கட்டிக்கொண்டு, பாரம் பல வரிச்சில் பரவும்படி ஏற வேண்டும்.

செருகும் முறையிலும் பிழை இருக்கிறது. துவாரத்துக்கு மேலே புதிய ஓலையை வெறுமனே வைத்துக் கட்டினால், அதன் மேல்விளிம்பில் வரும் நீர் அடியால் புகுந்து முன்னிலும் விரைவாக உள்ளே இறங்கும். மேல்வரிசையின் அடியில் புதிய ஓலையின் தலை போக வேண்டும். அதன் நுனி கீழ்வரிசையின் மேல் படிய வேண்டும். இதை மழை நேரத்தில் உள்ளேயிருந்தே, வரிச்சுகளுக்கிடையால் ஓலையை மேல்நோக்கிச் செலுத்திச் செய்யலாம். தற்காலிகத்துக்கு அது போதும். வேலி அடைக்கத் தெரிந்த எவருக்கும் குத்தூசியால் உள்ளும் வெளியும் நார் வாங்கிக் கட்டத் தெரியும். இதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டியதில்லை.

ஆனால் மழை கொட்டும் அந்த இரவில் முதலில் காக்க வேண்டியது கூரையை அல்ல என்பதை நம்மவர் உணர்வதில்லை. ஒழுகும் வீட்டில் நம் கவனம் முழுவதும் நிலத்தில் விழும் நீரிலேயே இருக்கிறது. வாளி, சட்டி, பேசின் எல்லாம் வைக்கிறோம். நிலம் நனைந்தால் காயும். சாணமிட்டு மெழுகினால் பழையபடி ஆகிவிடும். கூரை உட்காரும் சுவர்த்தலையில் விழும் நீரோ ஓசையின்றிச் சுவருக்குள் இறங்குகிறது. மண்சுவர் உலர்ந்திருக்கும்வரை பெரும் பாரம் தாங்கும். நீர் ஊறியதும் தன் பாரத்தையே தாங்காது. கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரும், உள்ளீடு மண்ணாக இருந்தால் அப்படித்தான். ஆகவே பொலித்தீன் இருந்தால் அதை முதலில் சுவர்த்தலையின் மேல் போர்த்த வேண்டும். அதன் பின்னர்தான் கட்டிலும் அலுமாரியும். மின்சாரத்தைப் பிரதான ஆளியில் நிறுத்த வேண்டும். குழிந்த வளைக்கு அடியில் ஒரு பலகையை நிலத்தில் போட்டு, அதன் மேல் பனங்குற்றியை நிறுத்தி முட்டுக் கொடுக்க வேண்டும். இறப்பிலிருந்து விழும் நீர் சுவரடியில் தேங்காதபடி மண்வெட்டியால் ஒரு வாய்க்கால் இழுத்துவிட வேண்டும். இவ்வளவும் ஒரு மணித்தியால வேலை. இதைச் செய்த வீட்டில் கூரை பாதி போனாலும் வீடு மிஞ்சும்.

"தறப்பாள் போட்டுவிட்டோம், இனிப் பயமில்லை."

தறப்பாளின் மேல் நாம் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. அதை இகழ்ந்து பேச எவருக்கும் உரிமையில்லை. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து போன இடங்களிலெல்லாம் நமக்குக் கிடைத்த ஒரே கூரை தறப்பாள்தான். ஆண்டுக்கணக்கில் அதன் கீழே பிள்ளைகளை வளர்த்தோம். மழைக்குத் தறப்பாள் என்பது அறிவாக அல்ல, அனுபவமாகவே நம்முள் பதிந்துவிட்டது. ஆனால் வெறும் தடிகளின் மேல் கட்டிய தறப்பாள் கொட்டிலுக்கும், ஓலைக்கூரையின் மேல் விரித்த தறப்பாளுக்கும் பெரும் வேறுபாடு இருக்கிறது. கொட்டிலில் தறப்பாளுக்குக் கீழே காற்று. வீட்டில் தறப்பாளுக்குக் கீழே ஈர ஓலை.

ஈர ஓலை காற்றுப்பட்டால் காய்ந்துவிடும். அதை மூடிவைத்தால் பகல் வெயிலில் உள்ளே புழுங்கி, இரவுக் குளிரில் தறப்பாளின் அடியில் நீர் திரண்டு திரும்ப ஓலைமேலேயே சொட்டும். சில கிழமைகளில் ஓலை கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். மழைக்காலம் முடிந்து பிரித்துப் பார்த்தால் ஓலை கையோடு உதிரும்; வரிச்சுகளில் கறையான் ஏறியிருக்கும். மழையில் இரண்டு முழம் ஒழுகிய கூரையை நாம் பாதுகாத்தே முழுவதும் உக்கவைத்துவிடுகிறோம். பின்னர் "ஓலை இப்படித்தான்" என்று முதல் நம்பிக்கைக்கே திரும்பிப் போகிறோம்.

தறப்பாளை ஒதுக்கச் சொல்லவில்லை. மழை தொடர்ந்து பெய்யும் நாள்களில் அதைப்போல் உதவுவது வேறில்லை. போடும் முறை தெரிந்து போட வேண்டும். ஒழுகும் இடத்தில் மட்டும் துண்டாகப் போட்டால் அதன் மேல்விளிம்பால் நீர் புகும். முகட்டைத் தாண்டி மறுபக்கத்திலும் இறங்கும்படி போட்டால்தான் பயன். ஆணி அடிக்கக் கூடாது. ஒவ்வோர் ஆணித் துவாரமும் ஓர் ஒழுக்கு. வைரம் ஏறிய பழைய பனஞ்சலாகை ஆணிக்கு வெடிக்கவும் கூடும். கீழ்விளிம்பைத் தடியில் சுருட்டிக் கட்டி, கயிற்றில் மணல்மூட்டை தொங்கவிட வேண்டும். கல்லைத் தூக்கிக் கூரைமேல் வைப்பது ஆபத்து. காற்றில் உருண்டால் ஆளைக் கொல்லும், உருளாவிட்டால் கூரையைக் குழியவைக்கும். விரிக்குமுன் முகட்டிலிருந்து இறப்புவரை நாலைந்து தடிகளைக் கிடத்தி, தறப்பாள் ஓலையைத் தொடாமல் காற்றோட்டம் விட வேண்டும். வெயில் எறித்த அன்று ஒரு பக்கத்தையாவது சுருட்டி விட வேண்டும். வாடைக்காற்று கடலிலிருந்து தடையில்லாமல் வந்து மோதும் காரைநகரில் இது இன்னும் முக்கியம். தளர்வாகக் கட்டிய தறப்பாள் இரவு முழுவதும் அடித்து அடித்து ஓலைக்கட்டுகளை அறுத்துவிடும்.

மழை முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம். தை மாதம் கழித்தும் தறப்பாள் கிடக்கும் கூரைகளை நாம் காண்கிறோம். அவசரச் சிகிச்சை அங்கே நிரந்தரமாகிவிட்டது.

"ஓலையைத் தொலைத்துத் தகரமோ சீற்றோ போட்டால் ஆயுளுக்கும் கவலையில்லை."

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர்களிடையே இந்த எண்ணம் மிக வலிமையாக இருக்கிறது. அவர்களின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை; தூரத்தில் இருப்பவருக்கு ஒருமுறை செலவழித்து முடித்துவிடும் வேலையே ஆறுதல் தரும். ஆனால் காரைநகரில் எங்கே நின்றாலும் கடல் தூரமில்லை. உப்புக்காற்றில் மலிவுத் தகரம் ஆணி அடித்த இடங்களிலிருந்தே துருப்பிடிக்கத் தொடங்குகிறது. ஓலைக்கூரையில் காற்று ஓலைகளுக்கிடையால் ஊடுருவி அதன் விசை உடைகிறது. தகரத்தின் அடியில் புகுந்த காற்றுக்கு வெளியேற வழியில்லை. அது கூரையையே கிளப்பிக்கொண்டு போகும். ஓலையின் பாரத்துக்கும் போக்குக்கும் அளந்து வைத்த கைமரங்களை அந்த விசை முறித்துவிடும். பங்குனி, சித்திரை வெக்கையில் தகரத்தின் கீழே பகலில் இருக்க முடியாது. இருக்க முடியாத வீட்டில் ஆள் இருக்கமாட்டார். ஆளில்லா வீட்டில் ஒழுக்கைக் காண எவருமில்லை.

அஸ்பெஸ்ரஸ் சீற்றைப் பற்றி இன்னும் கடுமையாகவே சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பெஸ்ரஸின் எல்லா வகைகளையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று வகைப்படுத்தியிருக்கிறது. நீல அஸ்பெஸ்ரஸை இலங்கை 1987இலேயே தடைசெய்தது. கூரையில் அசையாமல் கிடக்கும் சீற்றைவிட, வெட்டும்போதும் துளைக்கும்போதும் புயலில் நொறுங்கும்போதும் பறக்கும் தூசியே பெரிய ஆபத்து. அவசரத் திருத்தம் என்றால் வெட்டும் துளைப்பும் உடைந்ததை வாரிக் கொட்டுவதும்தானே. முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல் நம் பிள்ளைகள் அந்தத் துண்டுகளைக் கையால் அள்ளுவதை நாம் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

ஓலைக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு "சமரசம்" செய்கிறவர்களும் உண்டு. பழைய ஓலையைக் கழற்றாமல் அதன் மேலேயே தகரத்தை அடித்துவிடுவார்கள். ஒழுக்கு நிற்கும், குளிர்ச்சியும் இருக்கும் என்பது கணக்கு. கண்ணுக்குத் தெரியாத அந்த இடுக்கில் எலியும் கறையானும் குடியேறும். மின்கம்பி சூடேறினால் தீ எங்கே பிடித்தது என்பதே தெரியாது. இவற்றுள் மோசமான வழி இதுவே.

நெடுந்தீவைப் பொறுத்தவரை ஒரு கணக்கையும் பார்க்க வேண்டும். அங்கே தகரம் போகவேண்டுமானால் குறிகட்டுவான் வரை லொறியில் வந்து, பிறகு படகில் ஏற வேண்டும். ஏற்றுகூலி, இறக்குகூலி எல்லாம் சேர்ந்தால் விலை எங்கோ போய்விடும். பனையோ வளவிலேயே நிற்கிறது.

"சுவரில் சீமெந்து பூசிவிட்டால் தாங்கும்" என்பது கூரையோடு கூடப் பிறந்த தப்பெண்ணம். ஈரம் ஊறிய மண்சுவருக்கும் சுண்ணாம்புச் சுவருக்கும் மேலே சீமெந்தைப் பூசினால் ஈரம் வெளியேறும் வழி அடைபட்டுவிடும். உள்ளே கரைந்திருக்கும் உப்பு மேற்பரப்புக்கு வர முயன்று சீமெந்தை உப்பவைத்துத் தோலாகக் கழற்றும்; கழலும்போது பழைய சுவரையும் சேர்த்துப் பெயர்க்கும். கடற்கரை மணலில் குழைத்த சீமெந்து என்றால் உப்பை நாமே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். மண்சுவருக்கு மண், சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பு. அதுவும் சுவர் நன்றாக உலர்ந்த பிறகு, அதாவது மாசிக்குப் பின்னர். மழைக்குள் பூசுகிற எந்தப் பூச்சும் நில்லாது.

"ஓலைவீடு தீப்பற்றும், ஆகையால் கழற்றுவதே நல்லது."

இந்தப் பயத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் சத்துணவுச் சமையற்கூடத்தின் கீற்றுக் கூரையில் பிடித்த தீ 94 பிள்ளைகளைக் கொன்றது. அதன் பின்னர் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றும்படி அரசு உத்தரவிட்டது. அது சரியான முடிவு. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நெருக்கமாக அடைத்து, போதிய வெளிவழி இல்லாத மாடியின் மேல் ஓலை போட்டு, அதன் பக்கத்தில் அடுப்பு மூட்டுவது எந்த நாளும் பிழை. ஆனால் நம் பழைய வீடுகள் அந்த ஆபத்தை அறிந்தே கட்டப்பட்டவை. குசினியை வீட்டிலிருந்து பிரித்து வைத்தது ஏன் என்று யோசித்திருக்கிறோமா? அடுப்புக்கு மேலே உயரமான கூரை, புகை போக இடைவெளி, இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே வெறும் முற்றம். இப்போது குசினியையும் வீட்டையும் இணைக்க நடுவில் ஒரு சாய்ப்பு இறக்குகிறோம். வளையில் மின்கம்பியைச் சுற்றிக் கட்டுகிறோம். கறையானுக்கென்று கழிவு ஒயிலையும் டீசலையும் கைமரத்திலும் ஓலையிலும் பூசுகிறோம். இத்தனையும் செய்துவிட்டு ஓலையைக் குற்றம் சொல்வது நேர்மையாகாது. கறையானுக்கு மருந்து, நிலத்திலிருந்து மரத்துக்கு ஏறும் மண்புற்றை வாரந்தோறும் தட்டி உடைப்பதும், மரத்தை ஈரமில்லாமல் வைத்திருப்பதுமே. மின்கம்பி குழாய்க்குள் போக வேண்டும். ஷிரகாவாகோவில் கூரைகளைக் கழற்றவில்லை. கிராமம் முழுவதும் நீர்பீய்ச்சும் குழாய்களைப் பொருத்தி ஆண்டுதோறும் ஒத்திகை பார்க்கிறார்கள்.

"புரட்டாதியில் வீட்டில் கை வைக்கக் கூடாது."

நாள் பார்ப்பவர்களின் நம்பிக்கையை மதித்தே இதைச் சொல்கிறேன். பஞ்சாங்கம் விலக்குவது நிலையம் எடுப்பதையும் வாசற்கால் நாட்டுவதையும் குடிபுகுவதையும் போன்ற தொடக்கங்களை. நிற்கிற வீட்டின் உக்கிய ஓலையை மாற்றுவது தொடக்கமல்ல; பராமரிப்பு. இந்த வேறுபாட்டை மறந்து, ஆவணியில் வேலைக்காரர் கிடைக்காதவர்கள் புரட்டாதியில் பொறுத்திருக்கிறார்கள், ஐப்பசி வந்துவிடுகிறது. சோழகம் அடிக்கும் மாதங்களில் ஓலை நன்றாக உலர்கிறது; ஆவணியும் புரட்டாதியும் வேய்வதற்கு உகந்தவை. நமக்கு ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரையே பெய்து தீர்கிறது. அந்த மழைக்கு முந்திய மாதத்தையே நாம் விலக்கி வைப்பது எவ்வளவு பெரிய இழப்பு! அவசரத் திருத்தங்கள் எனப்படுபவற்றுள் பாதியாவது புரட்டாதியில் செய்திருக்க வேண்டிய சாதாரண வேலைகளே.

"கூரை போனாலும் சுவர் நிற்கும், அடுத்த முறை ஊருக்கு வரும்போது பார்க்கலாம்."

காரைநகருக்கு மிகவும் கேடு செய்தது எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இங்கே பல வீடுகளின் சொந்தக்காரர் கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். 1990களின் இடப்பெயர்வுக்குப் பிறகு ஊர் திரும்பியவர்கள் கண்ட காட்சியை நாம் இவ்வளவு விரைவில் மறந்திருக்கக் கூடாது: கூரையில்லாமல் சில மாரிகளைக் கண்ட சுவர்கள், தலையிலிருந்து கரைந்து, ஆலும் அரசும் வேர்விட்டு, வாசற்கால் வரை இறங்கியிருந்தன. அன்று நாம் இல்லாதது நம் குற்றமல்ல. இன்று வீட்டுக்குத் திறப்பு அயலவரிடம் இருக்கிறது, தொலைபேசி இருக்கிறது, பணம் அனுப்பும் வழி இருக்கிறது. இருந்தும், ஒழுகுகிறது என்று அயலவர் சொன்னால் "படம் எடுத்து அனுப்புங்கோ, யோசிப்பம்" என்று பதில் போகிறது. பல உரித்தாளர்கள் உள்ள வீடு என்றால் யோசனை முடிய இரண்டு மாரி போய்விடும். மண்சுவர் அவ்வளவு காலம் பொறுக்காது.

பழைய வீட்டில் கை வைத்தால் தொல்பொருள் திணைக்களம் பிடித்துக்கொள்ளும் என்ற பயமும் ஆங்காங்கே கேட்கிறது. வர்த்தமானியில் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்ட கட்டடத்துக்கே அத்திணைக்களத்தின் முன்னனுமதி தேவை. பழையது என்பதனாலேயே ஒரு வீடு அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடுவதில்லை. ஐயமிருந்தால் பிரதேச செயலகத்தில் விசாரித்துக்கொள்ளலாம். கேளாமலே பயந்து கூரையை விழவிடுவதற்கு இதில் நியாயமில்லை.

இறுதியாக, "ஓலையும் இல்லை, வேய ஆளும் இல்லை" என்ற சொல். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது எளிதில் பரவுகிறது. போரில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் பெருந்தொகைப் பனைகள் தறிக்கப்பட்டன. வேயத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. ஆனாலும் தீவகத்தில் பனை அற்றுப்போகவில்லை. வளர்ந்த ஒரு பனை ஆண்டுக்குப் பத்துக்கு மேற்பட்ட புதிய ஓலைகளை விடுகிறது. அவற்றுள் பெரும்பகுதி வெட்டுவாரின்றிக் காவோலையாகிக் காணிகளில் விழுந்து கிடக்கிறது. காவோலையை அள்ளி வேய்ந்துவிட்டு, பனையோலை ஓராண்டும் நில்லாது என்று சொல்பவர்களும் உண்டு. கூரைக்கு உரியது முற்றிய பச்சை ஓலை. அதை வெட்டி, மிதித்துத் தட்டையாக்கி, அடுக்கிப் பாரமேற்றி, உலர்த்தி எடுக்க வேண்டும். அப்படி எடுத்த ஓலை தென்னங்கிடுகைவிடக் கூடிய காலம் நிற்கும்.

ஆள் இல்லை என்பதற்கு விடை கூலிக்கு ஆள் தேடுவதில் மட்டும் இல்லை. ஒரு காலத்தில் வீடு வேய்வது ஒரு குடும்பத்தின் வேலையாக இருக்கவில்லை. அயலார் கூடி, ஒரே பகலில் பழையதைப் பிரித்துப் புதியதை ஏற்றி, மாலைக்குள் முகடு கட்டி இறங்கினார்கள். ஷிரகாவாகோவிலும் பெரிய கூரைகளை ஊரே திரண்டுதான் மாற்றி வந்திருக்கிறது. நாம் அந்த வழக்கத்தைக் கைவிட்டோம். அறிந்தவர்கள் இருக்கும்போதே நாலு இளைஞர்களை அவர்களோடு ஒரு கூரையில் ஏற்றிவிட்டால் அந்த அறிவு மிஞ்சும். பனை அபிவிருத்திச் சபை 1978இல் தொடங்கியதிலிருந்து பனையோலையில் பெட்டியும் தொப்பியும் செய்யப் பயிற்சிகள் நடந்திருக்கின்றன. வீடு வேய்வதற்கும் அத்தகைய பயிற்சி கேட்டு வாங்க வேண்டியது நம் பொறுப்பு.

காரைநகரின் பெயரால் பல நாடுகளில் இயங்கும் நலன்புரிச் சங்கங்களுக்கும் ஊரிலுள்ள சனசமூக நிலையங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோயிலுக்கும் பாடசாலைக்கும் நீங்கள் செய்தவற்றை ஊர் அறியும். வரும் ஆவணிக்கு முன்னர் ஊரில் எஞ்சியுள்ள ஓலைவேய்ந்த பழைய வீடுகளையும் மால்களையும் சங்கடப்படலைகளையும் ஒரு பட்டியலாக எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஊரில் இருக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கி, மழை இரவில் எவரையும் கேளாமல் செலவு செய்ய அவருக்கு ஒரு சிறு தொகையையும் அதிகாரத்தையும் கொடுங்கள். கயிறு, தடி, தறப்பாள், மிதித்த ஓலை நூறு ஆகியவற்றை வாசிகசாலையிலோ கோயில் மடத்திலோ மழைக்கு முன்னரே சேர்த்து வையுங்கள். ஒரு தகரக்கூரைக்கு அனுப்பும் பணத்தில் இவ்வளவையும் செய்துவிடலாம்.